அப்பா அதிபர், மகன் அதிபர்... நடுவில் ஒருவர்!

அப்பாவும் அமெரிக்க அதிபர், பிள்ளையும் அமெரிக்க அதிபர் என்ற பேறு இன்றுவரை ஒரே ஒருவருக்குத்தான் வாய்த்திருக்கிறது. அவர் ஜான் ஸ்காட் ஹாரிசன். கேள்விப்படாத பெயரா? அமெரிக்காவிலும் அநேகம் பேர் கேள்விப்பட்டதில்லை.

குடும்பத்தின் வேர் வர்ஜீனியாவில், ஜேம்ஸ் ஆற்றங்கரை பெர்க்லி பண்ணையில் இருக்கிறது. அடிமைகளின் உழைப்பில் கொழித்த பண்ணை. அதன் உரிமையாளர் ஐந்தாம் பெஞ்சமின் ஹாரிசன், 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்; பிறகு வர்ஜீனியா கவர்னர். அவருடைய கடைசி மகன் வில்லியம் ஹென்றி, மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார்.

இந்தியானா பிரதேச கவர்னரானதும் பூர்வகுடிகளின் நிலத்தை ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாக எழுதி வாங்கினார். 1809-ல் ஃபோர்ட் வெய்ன் ஒப்பந்தத்தில் மட்டும் சுமார் 30 லட்சம் ஏக்கர். எதிர்த்து நின்ற ஷானி தலைவர் டெகும்சே ஊரில் இல்லாத சமயம், 1811-ல் டிப்பகனூவில் அவர் ஆட்களோடு மோதி ஜெயித்தார். 1840 அதிபர் தேர்தலில் அந்தச் சண்டையின் பெயரைச் சொல்லியே ஓட்டுக் கேட்டார்கள். அதோடு, செங்கல் மாளிகையில் பிறந்தவரை மரக்குடிசைவாசி என்று ஊர் ஊராகக் காட்டினார்கள். தேர்தல் வேஷம் நம் காலத்துச் சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம்! 1841 மார்ச் 4-ல் பதவியேற்பு. 8,000 சொற்களுக்கு மேல் நீண்ட உரை. ஏப்ரல் 4-ல் இறந்துபோனார்.

அவருடைய மகன்தான் ஜான் ஸ்காட். விவசாயி. 1853 முதல் 1857 வரை ஒஹாயோவிலிருந்து காங்கிரஸ் உறுப்பினர். 1878 மே மாதம் காலமானார். அடக்கம் செய்யப் போனபோது, சில நாள் முன்பு புதைத்த உறவுக்கார இளைஞனின் கல்லறை காலியாகக் கிடந்தது. மருத்துவக் கல்லூரிகள் பிணங்களைத் திருட்டுத்தனமாக வாங்கிய காலம் அது. பயந்துபோன பிள்ளைகள் அப்பாவின் குழியைப் பெரிய கற்களாலும் சிமென்ட்டாலும் மூடினார்கள். காவலுக்கும் ஆள் போட்டார்கள்.

மறுநாள் இளைஞனின் உடலைத் தேடி, ஒரு மகன் போலீஸோடு சின்சினாட்டி மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார். எங்கும் இல்லை. கிளம்பும் நேரத்தில், இருட்டுப் பொந்துக்குள் விறைத்துத் தொங்கிய ஒரு கயிறு கண்ணில் பட்டது. இழுத்தார்கள். முகம் மூடிய, வயதான ஒருவரின் உடல் மேலே வந்தது. தேடி வந்தது இளைஞனை. இது வேறு யாரோ என்று திரும்பப் பார்த்தவர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று துணியை விலக்கினார்கள். அப்பா!

நாடே கொதித்தது. ஆதரவற்ற பிணங்களைக் கல்லூரிகள் சட்டப்படியே பெற 1881-ல் ஒஹாயோ வழி செய்தது.

ஜான் ஸ்காட்டின் இன்னொரு மகன் பெஞ்சமின், இண்டியானாபொலிஸ் வக்கீல். 1888 தேர்தலில் எதிர்த்துப் போட்டியிட்ட க்ளீவ்லாண்டைவிடச் சுமார் 90,000 ஓட்டு குறைவாக வாங்கியும், அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் 233-க்கு 168 என்று ஜெயித்து அதிபரானார். தாத்தாவின் தொப்பி இவர் தலைக்குப் பெரிது என்று கார்ட்டூன் போட்டார்கள். ஒரு மாதம் ஆண்டவரின் தொப்பி, நான்கு ஆண்டு முழுதாக ஆண்டவருக்கு எப்படிப் பெரிதாகும்? ஆனால் பூர்வகுடிகள் விஷயத்தில் பேரன் தாத்தாவை மிஞ்சவில்லை என்று சொல்ல முடியாது. ராணுவம் பூர்வகுடிகளைக் கொன்று குவித்த வூண்டட் நீ படுகொலை நடந்தது இவர் ஆட்சியில், 1890 டிசம்பரில்தான்.

அதே ஆண்டு ஜூலையில் வயோமிங்கை மாநிலமாக்கும் சட்டத்தில் பெஞ்சமின் கையெழுத்திட்டார். அந்த வயோமிங்கின் பிரதிநிதியாக 1951-ல் காங்கிரசுக்குள் நுழைந்தவர், அவருடைய பேரன் வில்லியம் ஹென்றி ஹாரிசன்.