ப்ரொஜெக்டரிலிருந்து பிடுங்கிய நீலம்

தீக்குச்சியைத் தொடாமலே பற்றவைக்கும் நீல லேசர் டார்ச்சை இன்று ஆர்டர் போட்டே வாங்கலாம். அதன் உள்ளே இருக்கும் டயோடை முதலில் யாரும் டார்ச்சுக்காகச் செய்யவில்லை. வகுப்பறைச் சுவரிலும் மீட்டிங் ஹாலிலும் படம் காட்டச் செய்தார்கள்.

அந்த நீல டயோடு பிறந்த ஊர் ஜப்பானின் ஷிகோகு தீவில் உள்ள அனான். அங்கே நிச்சியா என்ற கம்பெனி டியூப்லைட்டுக்கும் டிவிக்கும் வேண்டிய பாஸ்பர் பொடி செய்து பிழைத்துவந்தது. அதில் வேலை பார்த்த ஷுஜி நகாமுரா, பலரும் தேறாது என்று ஒதுக்கிய காலியம் நைட்ரைடைப் பிடித்துக்கொண்டார். படிகம் வளர்க்கும் இயந்திரத்தைத் தன் கையாலேயே மாற்றியமைத்தார். 1993-இல் பளிச்சென்ற நீல எல்.இ.டி. வந்தது, சில ஆண்டுகளில் அதே பொருளில் லேசரும் வந்தது. கம்பெனி அவருக்குக் கொடுத்த சன்மானம் 20,000 யென். வழக்குப் போட்டு, 2005-இல் ஏறக்குறைய 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது தனிக்கதை. 2014-இல் அகசாகி, அமானோ இருவரோடும் நீல எல்.இ.டி.க்காக நோபல் பரிசு.

அந்த வம்சத்தில் வந்த 445 நானோமீட்டர் டயோடை 2010-இல் காசியோ தன் ப்ரொஜெக்டருக்குள் வைத்தது. பாதரச விளக்கே வேண்டாம் என்பதுதான் நோக்கம். உள்ளே 24 டயோடுகள், ஒவ்வொன்றும் சுமார் ஒரு வாட். அந்த நீல ஒளி, சுழலும் பாஸ்பர் சக்கரத்தில் பட்டால் பச்சை. சிவப்புக்குத் தனி எல்.இ.டி. செய்தி பரவியதும் பொழுதுபோக்குக்காரர்கள் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்துவிட்டார்கள். முழு ப்ரொஜெக்டரை வாங்கி உடைத்து டயோடுகளைச் சில்லறையில் விற்றாலும் கட்டுப்படியானது. மாடல் எண்ணே டயோடுக்குப் பெயராகி ஏ140, எம்140 என்று புழங்கியது. அதே ஆண்டு விக்கட் லேசர்ஸ் என்ற கம்பெனி ஒரு வாட் நீல லேசரை 200 டாலர் சுமாருக்கு விற்க, ஸ்டார் வார்ஸ் வாள் மாதிரி இருக்கிறதென்று லூகாஸ்ஃபிலிம் வக்கீல் கடிதம் அனுப்பியது. இதைவிட நல்ல விளம்பரம் யாருக்குக் கிடைக்கும்!

ப்ரொஜெக்டருக்குள் அந்த டயோடுக்கு ராஜ வாழ்க்கை. சூட்டை இழுக்க உலோகக் கட்டை, காற்றுக்கு மின்விசிறி, கரண்டை அளந்து ஊட்டும் சர்க்யூட், கதிர் நேராக வெளியே தப்பாதபடி மூடிய பெட்டி. வெளியே பிடுங்கும்போது டயோடு மட்டும்தான் கையோடு வருகிறது. காவலாளிகள் அத்தனை பேரும் பெட்டியிலேயே தங்கிவிடுகிறார்கள். அதை வைத்துப் புதிதாக டார்ச் கட்ட இறங்குகிறவர் முதலில் அந்த வேலைகளைத் தான் ஏற்க வேண்டும். எத்தனை வாட் கிடைக்கும் என்ற கேள்வியெல்லாம் அப்புறம்.

பொருள் மிகச் சிறியது: 5.6 மில்லிமீட்டர் அகலத்தில் ஓர் உலோக வட்டு, மேலே கண்ணாடி ஜன்னல், கீழே கால்கள். சட்டைப் பொத்தானைவிடச் சிறியது, ஆனால் கோபக்காரன். விரல் நுனியில் இருக்கும் நிலைமின்சாரமே அதைக் கொல்லப் போதும். பேட்டரியில் நேரடியாக மாட்டினால் சூடாகச் சூடாகக் கரண்டை இன்னும் அதிகம் இழுத்து முடிந்துவிடும். ஆகவே கரண்டை மாறாமல் நிறுத்தும் டிரைவர் சர்க்யூட் கட்டாயம். அந்த டிரைவரையும் நம்பிவிடக் கூடாது. ஆறு சாதாரண சிலிக்கான் டயோடுகளையும் ஒரு ஓம் ரெசிஸ்டரையும் வரிசையாகச் சால்டர் செய்து, அதைப் போலி லேசராக மாட்டுங்கள். ரெசிஸ்டரின் இரு முனைகளில் மல்டிமீட்டர் 0.8 வோல்ட் காட்டினால் ஓடுவது 0.8 ஆம்பியர். அளவு சரியானதும் பேட்டரியைக் கழற்றி, டிரைவரின் வெளியீட்டுக் கம்பிகளை ஒன்றோடொன்று தொடவைத்து, கெபாசிட்டரில் மிச்சமிருப்பதை வடிய விட்ட பிறகே நிஜ டயோடு. இந்தக் கடைசிப் படியைத் தாண்டிக் குதித்துத்தான் நிறைய டயோடுகள் செத்திருக்கின்றன. செத்த டயோடும் மங்கலாக ஒளிரும், லேசராக அல்ல, வெறும் எல்.இ.டி.யாக.

டயோடு போனால் பணம்தான் நஷ்டம். கண் அப்படியில்லை. சர்வதேச வகைப்பாட்டில் 500 மில்லிவாட்டுக்கு மேல் எல்லாம் நான்காம் வகுப்பு. கண்ணிமை மூடச் சுமார் கால் வினாடி ஆகும். ஒரு மில்லிவாட் பாயின்டருக்கு அது போதும், இங்கே அதற்குள் விழித்திரை வெந்திருக்கும். வலிக்காது என்பதுதான் கொடுமை. போதாக்குறைக்கு நம் கண்ணுக்கு 445 நானோமீட்டர் மங்கலாகத்தான் தெரியும். பகல் பார்வையில் உச்ச உணர்திறனில் 3 சதவீதம் அளவே. ஆகவே ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். கதவுக் கைப்பிடி, கடிகாரக் கண்ணாடி, செல்போன் திரை என்று பளபளக்கும் எதில் பட்டாலும் திரும்பி வரும். கிட்டத்தில் சுவரில் விழுந்த புள்ளியை உற்றுப் பார்ப்பதும் ஆபத்து.

டயோடு வாங்கும் முன்பே பாதுகாப்புக் கண்ணாடி வாங்குங்கள். கூலிங் கிளாஸ் உதவாது. 445 நானோமீட்டருக்கு ஆப்டிகல் டென்சிட்டி 4 அல்லது அதற்கு மேல் என்று எழுத்தில் இருக்க வேண்டும். 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். பச்சை லேசருக்கென்று விற்பது நீலத்துக்கும் ஆகும் என்று கடைக்காரர் சொன்னால் பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் படித்துப் பாருங்கள். அறையில் இருக்கும் இன்னொருவருக்கும் ஒரு ஜோடி வேண்டும். பூனை, நாய், குழந்தை இருந்தால் கதவைச் சாத்திவிட்டுத்தான் வேலை. வானத்தை நோக்கி ஒருபோதும் வேண்டாம்: விமானியின் கண்ணில் பட்டதற்காகப் பல நாடுகளில் சிறைக்குப் போனவர்கள் உண்டு. எடுத்த எடுப்பிலேயே நீலத்தைக் கையில் பிடிக்க வேண்டும் என்ற அவசரமும் எதற்கு? முதல் ஒன்றைச் சாதாரண சிவப்பு ஐந்து மில்லிவாட் மாட்யூலில் கட்டிப் பழகுங்கள். லென்ஸ் குவிப்பது, சூடு கடத்துவது, சால்டரிங் எல்லாம் அதிலேயே கைவந்துவிடும்.

நீல டயோடு இதற்குள் வேறு வேலைகளுக்கும் போய்விட்டது. 2014-இல் பி.எம்.டபிள்யூ. ஐ8 காரின் ஹெட்லைட்டுக்குள் ஏறி, மறுபடி பாஸ்பரில் மோதி வெள்ளையாகியது. மரப்பலகையில் பெயர் பொறிக்கும் மேசை இயந்திரங்களில் பல டயோடுகளின் கதிரை ஒன்றாக்கிப் பத்து வாட், இருபது வாட் என்று விற்கிறார்கள். எரிக்கும் ஆசைதான் காரணம் என்றால் அதை வாங்கச் சொல்வேன். மூடியைத் திறந்தால் தானே அணையும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மூடியில்லாத மாடல்தான் விலை குறைவு.