பொன்னியின் செல்வன்: புத்தகமா, படமா? நம்ம ஊர்க் கல்வெட்டையும் கொஞ்சம் கேளுங்க

1/
பிஎஸ் 2 வந்து இத்தனை நாள் ஆகியும் "புக்ல இப்படி இல்ல டாக்டர்" பஞ்சாயத்து ஓயல. ஓபில கூட நடக்குது. புத்தகத்தையும் படத்தையும் ஒப்பிட்டு நூறு த்ரெட் வந்தாச்சு. இது மூணாவதா ஒரு சாட்சியையும் கூண்டில் ஏத்துற த்ரெட்: கல்வெட்டு. கொஞ்சம் நீளம். டீ வச்சுக்கிட்டு உக்காருங்க.

2/
விருத்தாசலம்னா வெளியூர்க்காரங்களுக்குப் பீங்கான், அகல் விளக்கு, கொலு பொம்மை. பொன்னியின் செல்வன் ரசிகர்களுக்கு இந்த ஊர் இன்னும் நெருக்கம்னு பலருக்குத் தெரியாது. கதை தொடங்கும் வீராணம் ஏரி, ஆதித்த கரிகாலன் சாகும் கடம்பூர், கொலையாளிகள் பேர் இருக்கும் உடையார்குடி, மூணுமே நம்ம கடலூர் மாவட்டம். ஸ்ரீமுஷ்ணம் வழியா காட்டுமன்னார்கோயில் போற பஸ் ஏறினா போதும்.

3/
முதல்ல தேதிகள். கல்கி இதைத் தன் பத்திரிகையில் 1950ல் தொடங்கி 1954 வரை வாராவாரம் எழுதினார். ஓவியம் மணியம். அஞ்சு பாகம். முடிச்ச அதே 1954 டிசம்பரில் கல்கி காலமானார். எம்ஜிஆர் 1958லேயே படமா எடுக்க முயற்சி பண்ணினார், நடக்கல. 1999ல் மேஜிக் லான்டர்ன் குழு மேடை நாடகமாப் போட்டாங்க. அதுக்கு நாடக வடிவம் கொடுத்த இளங்கோ குமரவேல்தான் மணிரத்னம் படத்தின் திரைக்கதையிலும் இருந்தார். பிஎஸ் 1 வந்தது 30-9-2022. பிஎஸ் 2 வந்தது 28-4-2023.

4/
அந்த 2022 ஆகஸ்ட், செப்டம்பர்ல உலகம் பூரா இதே சண்டைதான். அங்கே ஹவுஸ் ஆஃப் த டிராகன், ரிங்ஸ் ஆஃப் பவர். ஆனா ஒரு பெரிய வித்தியாசம். ஹவுஸ் ஆஃப் த டிராகனுக்கு மூலமான ஃபயர் அண்ட் பிளட், ஜார்ஜ் மார்ட்டின் கற்பனையா எழுதின ஒரு 'வரலாற்று நூல்'. முரண்படுற சாட்சிகளைக்கூட அவரேதான் உருவாக்கினார். அங்கே எவன் கொலைகாரன்னு தப்பாச் சொன்னாலும் நிஜத்துல யாருக்கும் காயம் இல்ல. நமக்கு அப்படி இல்ல. நம்ம கதைக்குப் பின்னாடி நிஜமாச் செத்த ஒரு இளவரசன், நிஜமான பேர்கள், நிஜமான கல் இருக்கு.

5/
ரசிகர்களின் முக்கியப் புகார்கள் என்ன?
மணிமேகலை பாத்திரமே படத்தில் இல்ல.
சேந்தன் அமுதன் ரகசியத்தைத் தூக்கிட்டாங்க.
கரிகாலன் சாவை மாத்திட்டாங்க.
முதல் புகாருக்கு என்கிட்ட பதில் இல்ல. எனக்கும் வருத்தம்தான். மத்த ரெண்டுக்கும் கல்வெட்டு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

6/
முதலில் சேந்தன் அமுதன். (புத்தகம் படிக்காதவங்க இந்த எண்ணைத் தாண்டிடுங்க.) நாவல்படி செம்பியன் மாதேவி வளர்த்த மதுராந்தகன் அவர் பெற்ற பிள்ளை இல்ல. பெற்ற பிள்ளை தஞ்சாவூர்ல பூக்கட்டி சிவப்பணி செய்யுற சேந்தன் அமுதன். கடைசியில் அவன்தான் உத்தம சோழனா முடிசூடுறான். படத்தில் இந்த ஆள்மாறாட்டமே கிடையாது. ரஹ்மான் நடிச்ச மதுராந்தகனே ராஜா.

7/
இப்ப கல்வெட்டு. செம்பியன் மாதேவியைக் குறிப்பிடும்போது, உத்தம சோழரைத் தன் திருவயிற்றில் பெற்ற பிராட்டின்னு அடைமொழி போட்டே சொல்லும். அம்மாவுக்கு அதுதான் அடையாளம். அதாவது உத்தம சோழன் அவர் பெற்ற பிள்ளைதான். இந்த விஷயத்தில் படம் புத்தகத்தை விட்டு விலகி, கல்லுக்குப் பக்கத்தில் போயிருக்கு!

8/
அப்போ கல்கி தப்பா? அங்கதான் மனுஷனோட திறமை. அவர் முன்னாடி ரெண்டு சிக்கல் இருந்துச்சு. கரிகாலன் கொலையில் உத்தம சோழன் மேல சில வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம். ஆனா உத்தமனோட அம்மா கோயில் கோயிலா எழுப்பின சிவபக்தை. கல்கி மதுராந்தகனை ரெண்டு ஆளாப் பிரிச்சார். சிம்மாசன ஆசை பிடிச்சவன் ஒருத்தன், முடிசூடுறவன் இன்னொருத்தன். முடிசூடினவன் அம்மா பெற்ற பிள்ளை. கல்வெட்டு வாசகமும் உடையல, பழியும் அரசன் மேல விழல.

9/
படத்தில் அந்த முடிச்சை எடுத்ததால் ஒரு நஷ்டம் உண்டு. "என் பிள்ளைக்குப் பட்டம் வேணாம்"னு ஒரு தாய் ஏன் அவ்வளவு பிடிவாதமா நிக்கிறா? நாவலில் அதுக்கு ஒரு ரகசியக் காரணம் கனமா இருக்கும். படத்தில் கணவர் விருப்பம், பக்தி மட்டும்தான் மிச்சம். ஜெயசித்ரா நல்லாத்தான் பண்ணியிருந்தாங்க, ஆனா பாத்திரம் சின்னதாயிடுச்சு. ரசிகர்கள் கோபம் நியாயம்.

10/
நம்ம ஊர் செராமிக் பட்டறையில் வேலை பார்க்கிறவங்களுக்கு இது புதுசு இல்ல. அச்சில் ஊத்தி எடுத்த பொம்மை காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். அச்சு அளவுக்கே பொம்மை வேணும்னு யாரும் கேக்கறதில்ல. அஞ்சு பாக நாவல் சுமார் அஞ்சரை மணி நேரப் படமாகும்போது சுருங்கத்தான் செய்யும். எங்கே சுருங்குச்சு, எங்கே விரிசல் விட்டுச்சுன்னு பார்க்கிறதுதான் விமர்சனம்.

11/
அடுத்து கொலை. நாவலில் கல்கி கடைசிவரை ஒரு மூடுபனியை விட்டு வைப்பார். நந்தினி, ரவிதாசன் கூட்டம், பெரிய பழுவேட்டரையர்னு பலர் அந்த அறையைச் சுத்தி. பழி வந்தியத்தேவன் மேல. படத்தில் அது கரிகாலனுக்கும் நந்தினிக்கும் நடுவுல முடியாத காதலோட முடிவு, அவனே சாவை ஏத்துக்கிற மாதிரி. விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் அசத்தியிருப்பாங்க. ஆனா நந்தினி முழுக்க கல்கி கற்பனை. கல்வெட்டில் அப்படி ஒரு பெண் கிடையாது.

12/
கல்வெட்டில் யார்? காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் ராஜராஜனின் 2ம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கு, ஏறக்குறைய கிபி 987. கரிகாலனைக் கொன்ற துரோகிகள்னு சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் ஆகிய பேர்கள் வருது. பிரம்மாதிராஜன்னா அந்தணர்களுக்குத் தரப்பட்ட உயர் அதிகாரிப் பட்டம். நாவலிலும் படத்திலும் காட்டுக்குள்ள மறைஞ்சு திரியுற ரவிதாசன், கல்லில் பட்டம் வாங்கின பெரிய மனுஷன்.

13/
'பஞ்சவன்' பாண்டியருக்கு வழங்கும் பேர். கரிகாலன் வீரபாண்டியன் தலையைக் கொண்டவன். இந்த ரெண்டையும் முடிச்சுப் போட்டால் பழிவாங்கல் கதை தானா வரும். பாண்டிய ஆபத்துதவிகள் சதிக்கான விதை இந்தக் கல்தான். வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவனைக் குதிரையில் ஏத்தி கல்கி கதையைத் தொடங்கினதும் இதே வட்டாரத்தில்தான். படமோ போர்க்களத்தில் தொடங்கிடுச்சு.

14/
டாக்டரா எனக்குச் சுவாரசியமான இடம் இது. அந்தக் கல்வெட்டு கொலை எப்படி, எங்கே, ஏன் நடந்துச்சுன்னு சொல்லவே இல்ல. அது போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் கிடையாது, நிலப் பத்திரம் மாதிரி ஒண்ணு. துரோகிகளோட நிலம் பறிமுதல், அதை வித்தாச்சு, வாங்கினவர் கோயில் அறத்துக்கு எழுதி வச்சார். அந்தப் பத்திரத்தில் போற போக்கில் வந்த ஒரு வரியை வச்சுத்தான் நாம ஆயிரம் வருஷக் கொலை வழக்கு நடத்துறோம்.

15/
கொலை நடந்து ஏறக்குறைய 16 வருஷம் கழிச்சு வந்த கல்வெட்டு இது. நடுவில் உத்தம சோழன் ஆட்சி. "அப்போ அவர் குற்றவாளிகளைக் காப்பாத்தினாரா?" என்ற சந்தேகத்தை எழுப்பினவர் கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏத்துக்கல. குடவாயில் பாலசுப்பிரமணியன் இந்தக் கல்வெட்டை மறுபடி வாசிச்சு, நடவடிக்கை அந்த ஆண்டில்தான் தொடங்கிச்சுன்னு கல் சொல்லலன்னு வாதாடினார். பறிமுதல் முன்னாடியே நடந்திருக்கலாம், இது பிறகு வந்த விற்பனைப் பதிவு.

16/
இன்னும் ரெண்டு தடயம். திருவாலங்காட்டுச் செப்பேடு, மக்கள் அழைச்சும் சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை அருள்மொழி அரியணையை விரும்பலன்னு சொல்லுது. தியாக சிகரத்துக்கு அதுதான் அடிப்படை. உத்தமன் மகன் கண்டராதித்தன் ராஜராஜன்கிட்டயே கோயில் நிர்வாக அதிகாரியா இருந்தார். ராஜேந்திரன் காலத்தில் செம்பியன் மாதேவிக்குப் படிமம் வச்சுக் கும்பிட்டாங்க. அண்ணனைக் கொன்னவன் குடும்பத்தை இப்படியா நடத்துவாங்க? என் ஓட்டு 'நிரூபிக்கப்படவில்லை'.

17/
இது ஏன் முக்கியம்? படம் வந்ததிலிருந்து என் வாட்ஸப்பில் வர்ற ஃபார்வர்டுகள் அப்படி. "ஆதித்த கரிகாலனைக் கொன்னது இன்ன சாதி", "மறைச்சுட்டாங்க", "இப்பவும் அதேதான் நடக்குது". பள்ளிக்கூடப் பசங்க வரைக்கும் போயிருச்சு. நாவலில் பாதி, படத்தில் பாதி, கல்வெட்டில் ஒரு வரி எடுத்துக் கலக்கி, இன்னைக்கு உயிரோட இருக்கிற மனுஷங்க மேல ஊத்துறாங்க.

18/
உடையார்குடிக் கல்லிலேயே இதுக்கு ஒரு எச்சரிக்கை இருக்கு. அந்த ஆணை கொன்னவங்களோட நிக்கல. பிள்ளைகள், அப்பா வழி, அம்மா வழி உறவு, பெண் எடுத்தவங்க வரைக்கும் சொத்து போகுது. கொலைக்குச் சம்பந்தமே இல்லாத எத்தனை வீடு அன்னைக்குத் தெருவுக்கு வந்திருக்கும்! அந்தக் காலத்து நீதி அப்படி. ஆயிரம் வருஷம் கழிச்சு நாம அந்தத் தண்டனையை ஃபார்வர்ட் பண்ணி நீட்டிக்கணுமா?

19/
வைத்தியம் பற்றியும் ஒண்ணு. நாவலில் சுந்தர சோழர் கால் முடங்கிப் படுத்திருப்பார். அது கதைக்குத் தேவையான நோய். கல்வெட்டு அவரைப் பொன்மாளிகையில் துஞ்சிய தேவர்னு மட்டும் சொல்லும். ஆனா குந்தவை நிஜமாவே தஞ்சாவூரில் அப்பா பேரால் இருந்த ஆதுலர் சாலைக்கு, அங்கிருந்த வைத்தியருக்கு நிலம் கொடுத்தார். கல்கி குந்தவையின் வைத்தியசாலையைக் கதையில் சேர்த்தது கற்பனைக்காக மட்டும் இல்ல. படத்தில் வைத்தியத்துக்குப் பெரிசா இடமில்ல. எங்க சங்கத்து சார்பா லேசான கண்டனம்.

20/
நம்ம ஊருக்கு வருவோம். விருத்தகிரீஸ்வரர் கோயிலை, அதாங்க பழமலைநாதர் கோயிலை, உத்தம சோழன் ஆட்சியில் கற்றளியா எடுத்துக் கட்டினவர் இதே செம்பியன் மாதேவி. கல்வெட்டே சொல்லுது. படத்தில் சில நிமிஷம் வந்து போற அந்தம்மாவோட வேலையை நாம தினமும் பிரதட்சணம் பண்ணிட்டு வர்றோம்.

21/
அவர் திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைக் கல்லால் புதுப்பிச்சப்போ, பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகளைத் தூக்கிப் போடல. புதுச் சுவரில் மறுபடி வெட்டச் சொன்னார். வெட்டினவங்க ஒரு நேர்மையும் காட்டினாங்க. இது பழைய கல்லின் படின்னு அங்கேயே எழுதி வச்சாங்க. மூலம் எது, நகல் எதுன்னு படிக்கிறவனுக்குக் குழப்பம் வரக் கூடாதுன்னு ஆயிரம் வருஷம் முன்னாடியே யோசிச்சிருக்காங்க.

22/
நாவலைக் கொண்டாடுங்க. படத்தைத் திட்டுங்க, இல்ல மாத்திச் செய்யுங்க. ரெண்டும் ரசிகன் உரிமை. ஆனா அடுத்த தடவை யாராவது "வரலாறு தெரியுமா?"ன்னு ஒரு ஃபார்வர்ட் அனுப்பினா ஒரே கேள்வி கேளுங்க: இது கல்லா, கல்கியா, கேமராவா? பதில் வரலைன்னா டெலிட் பண்ணுங்க.

23/
லீவு நாள்ல பிள்ளைங்களைக் கூட்டிட்டு முதல்ல பழமலைநாதர், அப்புறம் உடையார்குடி, வீராணம் கரைன்னு ஒரு சுத்து போங்க. சுவரைத் தொட்டுச் சுரண்டாதீங்க, கல்வெட்டு மேல மஞ்சள் குங்குமம் பூசாதீங்க. தண்ணி பாட்டில், தொப்பி அவசியம். வெயில் கடுமை.