தாய்வீடும் தொழிலும்: கீழ்க்கரைப் பெண்களின் கூட்டுறவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

எதிர்காலத் தொழிலுக்குப் பெண்களை ஆயத்தஞ் செய்தல் என்ற தொடர் இன்று அபிவிருத்தித் திட்ட அறிக்கைகளில் அடிக்கடி இடம்பெறுகின்றது. தையற் பயிற்சி, கணினிப் பயிற்சி, சிறுகடன் ஆகியனவே அவ்வாயத்தத்தின் கூறுகளாகப் பெரும்பாலும் கருதப்படுகின்றன. தொழில் மாறுங் காலங்களிற் பெண்கள் ஒருவரையொருவர் தாங்கிய முறைக்கு ஒரு வரலாறு உண்டென்பதும், அவ்வரலாற்றுக்கு ஒரு பொருளாதார அடித்தளம் உண்டென்பதும் அத்துணை கவனம் பெறுவதில்லை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, தம்பிலுவில் ஊடாகத் திருக்கோவில் வரை நீளும் கரையோரத்தை எடுத்துக்கொண்டு அவ்வடித்தளத்தை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

1. தாய்வீடு

இக்கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களிலும், சிலவிடத்து ஒரே ஊரிலும் வாழ்கின்றனர். சமயத்தால் வேறுபட்ட இவ்விரு சமூகத்தாருக்கும் தாய்வழிக் குடிமுறை பொதுவாயிருத்தல் குறிப்பிடத்தக்கது. 1969 தொடக்கம் அக்கரைப்பற்றிற் களஆய்வு நிகழ்த்திய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008 இல் வெளியிட்ட தமது நூலில் இதனை விரிவாக எடுத்துரைத்துள்ளார். திருமணத்தின்பின் கணவனே மனைவியின் வீட்டுக்குச் செல்கின்றான். வீட்டை மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுக்கும் பெற்றோர், அருகில் வேறொரு வீட்டைக் கட்டி இளைய பிள்ளைகளுடன் அங்கு செல்கின்றனர். காலப்போக்கில் அவ்வீடும் அடுத்த மகளுக்குரியதாகின்றது.

இதன் விளைவாகத் தாயும் சகோதரிகளும் வேலிக்கு வேலி அயலவராயினர். ஒருத்தி வேலைக்குச் செல்லும்போது பிள்ளையைப் பார்ப்பவள் பெரியம்மா. முஸ்லிம் வீடாயின் சாச்சி. பாய் இழைக்கும் கைத்திறன் தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. சீட்டுப் பணம் இன்று ஒருத்திக்கும் நாளை மற்றொருத்திக்கும் உதவியது. கணவன் கைவிட்டாலும் காலமானாலும் குடியிருக்கும் வளவு அவளுடையதாகவே இருந்தது. தொழிலில் துணிந்து இறங்குவதற்கு வேண்டிய பாதுகாப்பு இதுவே எனலாம்.

இதனைப் பெண்ணாட்சி என மயங்குதல் தவறாகும். சீதனக் காணியின் உரிமை பெண்ணிடமிருப்பினும் பயிர்ச்செய்கையும் வருவாயும் பெரும்பாலும் ஆண்களின் கையிலேயே இருந்தன. போடியாரின் வயலிற் களை பிடுங்கியும் அருவி வெட்டியும் கூலி பெற்ற வறிய பெண்ணுக்கு வளவைத் தவிர வேறு காணி இருந்ததில்லை. மகளுக்கொரு வீடு கட்ட வேண்டுமென்ற கடப்பாடு அவளுக்குப் பெருஞ்சுமையாகவும் அமைந்தது.

2. வழக்கும் சட்டமும்

இவ்வுரிமை வழக்கில் நிலைத்த அளவுக்குச் சட்டத்தில் நிலைக்கவில்லை. மட்டக்களப்புப் பகுதியில் வழங்கிய முக்குவர் வழமைச் சட்டத்தின் இடத்தை, 1876 ஆம் ஆண்டின் விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் எடுத்துக்கொண்டது. முஸ்லிம்களின் வழியுரிமை பற்றிய 1931 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் மகளின் பங்கு மகனின் பங்கிற் பாதியாகும். எனினும் பெற்றோர் வாழுங்காலத்திலேயே சீதன உறுதி எழுதிக்கொடுத்தமையால், இரு சமூகங்களிலும் வீடு பெண்ணின் கைக்கே வந்தது.

அரச காணியில் இந்த வழி அடைபட்டது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் பெயரிடப்படாதவிடத்து மகளுக்கு முன்னே மகனை நிறுத்தியது. 1949 இல் ஆரம்பமான கல்லோயாத் திட்டம் முதலிய குடியேற்றங்களில், குடும்பத் தலைவன் என்ற பெயரில் ஆணுக்கே அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் வழங்கப்பட்டது. பின்னுரித்தில் இருந்த இப்பால்வேறுபாட்டை நீக்கும் திருத்தம் 2022 இலேதான் நிறைவேறியது.

3. தொழில் மாறிய விதம்

தொழிலில் நேர்ந்த மாற்றங்களைத் தாய்வீடு எவ்வாறு எதிர்கொண்டது? கல்முனையை அடுத்த மருதமுனையில் நெசவு வீட்டுத் தொழிலாக வளர்ந்தது. நூல் சுற்றுவதும் பாவுக்கு உதவுவதும் பெண்களின் உழைப்பாயிருந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய காலத்திற் செழித்த கைத்தறி, 1977 ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கையின்பின் மலிவான இறக்குமதித் துணியோடு போட்டியிட நேர்ந்து நாடெங்கும் நலிந்தது. வயலிலோ அறுவடை இயந்திரம் அருவி வெட்டும் கைகளை விலக்கியது.

அதே காலப்பகுதியில் வளைகுடா நாடுகளின் வீட்டுப்பணி புதியதொரு தொழிலாகத் தோன்றிற்று. இக்கரையோரத்துத் தமிழ், முஸ்லிம் பெண்கள் பலர் கடல்கடந்து சென்றனர். தம் சீதன வீட்டையோ மகளின் வீட்டையோ தம் உழைப்பினால் எழுப்புவதே அவருட் பலரது நோக்கமாயிருந்தது. அவர்தம் பிள்ளைகளை வளர்த்தோர் தாயும் சகோதரியுமே. அந்நியச் செலாவணிக் கணக்கிற் சென்றவளின் சம்பளம் இடம்பெற்றது. வீட்டில் நின்றவளின் உழைப்பு இடம்பெறவில்லை. 2013 இல் அரசு ‘குடும்பப் பின்னணி அறிக்கை’யை நடைமுறைப்படுத்தி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாயின் பயணத்தைத் தடுத்தது. தந்தையரிடம் இத்தகைய அறிக்கை கோரப்படவில்லை. 2022 இல் அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது.

4. அழிவும் கடனும்

2004 டிசம்பர் 26 ஆந் திகதிய ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறை மாவட்டமாகும். இங்கு 10,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வடக்கு, கிழக்குக் கரையில் 200 மீற்றர் வரை மீள்கட்டுமானம் தடுக்கப்பட்டது. பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டது. அழிந்த வீடுகளுட் பல பெண்களுக்கு உரியவை. மாற்றுக் காணிகளில் எழுந்த வீடுகளோ ‘குடும்பத் தலைவன்’ என்ற பழைய வகுப்பைக் கொண்டு பல இடங்களிற் கணவனின் பெயரில் எழுதப்பட்டன. தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீட்டுரிமை ஒரு படிவத்தின் ஒற்றைக் கட்டத்தில் அறுந்தது. கூட்டுரிமை வேண்டுமெனப் பெண்கள் அமைப்புகள் குரலெழுப்பியமை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளற்பாலது.

போரும் இச்சுமையைப் பெருக்கிற்று. 2010 இற் பிரதி அமைச்சர் ஒருவர் வெளியிட்ட கணக்கின்படி, கிழக்கில் மட்டும் 49,000 பெண்கள் கணவரை இழந்திருந்தனர். உழைப்பைத் தேடிய இவர்களை வந்தடைந்தது நுண்கடனாகும். அயற்பெண்கள் ஒருவருக்கொருவர் பிணைநிற்பதே அதன் முறை. சீட்டிற் பெண்களைத் தாங்கிய அதே நம்பிக்கை, இங்குக் கடனை அறவிடும் கருவியாயிற்று. தவணை தவறியவளின் படலையில் அயலவளே நிற்க நேர்ந்தது. 2021 மார்ச் மாதத்தில் ஹிங்குராக்கொடையிற் பெண்கள் நிகழ்த்திய சத்தியாக்கிரகம், இது நாடளாவிய பிரச்சினை என்பதை உணர்த்திற்று.

இதற்கு மாறான வழியும் உண்டு. அகமதாபாத்தில் 1972 இல் இலா பட் தோற்றுவித்த ‘சேவா’ சங்கத்தின் உறுப்பினர் 4,000 பேர், தலைக்குப் பத்து ரூபாவாகப் பங்கிட்டு 1974 இற் சொந்த வங்கியொன்றை நிறுவினர். சென்னையில் 1978 இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் பெண்கள் மன்றமும் அமைப்பையும் கடனையும் இணைத்தே இயங்கியது. இங்குக் கடன் பெறுபவளே உரிமையாளருமாவாள். சீட்டின் இயல்பு இவற்றிற் பெருவடிவு பெற்றுள்ளது எனலாம்.

5. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் வந்தடையும் முடிவு இதுவாகும். கீழ்க்கரைப் பெண்களின் பரஸ்பர உதவி வெறும் இரக்கத்திற் பிறந்ததன்று. பெண்ணின் பெயரில் இருந்த வீட்டின்மேல் எழுந்தது. அவ்வுரிமை நிலைத்த இடத்தில் தறி நின்றபோதும் வயல் மூடியபோதும் மற்றொரு தொழிலை அவளால் நாட முடிந்தது. அது அறுந்த இடத்திற் பயிற்சி சான்றிதழாகவே எஞ்சிற்று, கடன் கண்ணியாயிற்று. ஆகவே, திருக்கோவிலில் ஓர் இளம்பெண்ணுக்குக் கணினியைக் கற்பிக்க முனைவோர் முதலில் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும்: அவள் குடியிருக்கும் வீட்டின் உறுதி யார் பெயரில் உள்ளது? அவள் கற்கும்போது பிள்ளையைப் பார்ப்பவளின் உழைப்புக்கு என்ன மதிப்பு? அவள் பெறும் கடனின் சங்கத்தில் அவள் உரிமையாளரா, பிணையாளியா? இவற்றுக்கு விடை தேடாத எந்த ஆயத்தமும் பெண்களின் நேற்றைய அனுபவத்தைப் புறக்கணித்து நாளையைப் பற்றிப் பேசுவதாகவே அமையும்.