காலணியும் கைப்பொருளும்: சிலம்பு என்னும் சொல்

இடைக்காலச் சமயப் படிமங்களில் ஓர் உருவம் எவருடையது என்பதைப் பெரும்பாலும் கையிலுள்ள பொருளே உணர்த்துகிறது. அப்பொருள் சிதைந்தோ தொலைந்தோ போகுமாயின் படிமத்தின் பெயரும் ஐயத்திற்கு இடமாகிறது. இத்தகைய இடங்களில் பொருட்பெயரின் ஆய்வு துணைசெய்யும் என்பதற்குச் 'சிலம்பு' தக்க சான்றாகும்.

பிரித்தானிய அருங்காட்சியகத்தில், இலங்கையிலிருந்து சென்று 1830இல் சேர்ந்த பெண்படிமம் ஒன்று உள்ளது. பொன்முலாம் பூசிய வெண்கலத்தாலான அது 143 செ.மீ. உயரமுடையது, கி.பி. 8ஆம் நூற்றாண்டை ஒட்டியது. முன்னர் அது பத்தினித் தெய்வமாகிய கண்ணகி எனக் கருதப்பட்டது. இன்று பௌத்தத் தெய்வமான தாரை எனக் கொள்ளப்படுகிறது. வலக்கை வரமருளும் நிலையிலுள்ளது. இடக்கை எதையோ பற்றியதுபோல் வளைந்து வெறுமையாக இருக்கிறது. அது பற்றியிருந்தது தாமரை எனின் தாரை. சிலம்பு எனின் பத்தினி. மகுடத்திலுள்ள வெற்றுமாடம் புத்தர் உருவுக்குரியதாகலாம் என்பது தாரை என்னும் கருத்துக்கு வலுவூட்டுகிறது.

காலில் அணிவது தெய்வத்தின் கைக்கு வந்தது எவ்வாறு? சிலப்பதிகாரத்தில் கண்ணகி எஞ்சிய ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்திப் பாண்டியன் அவைக்குச் செல்கிறாள். அதன் மாணிக்கப் பரலே கோவலன் கள்வனல்லன் என்பதற்குச் சான்றாகிறது. அங்கு அது அணி அன்று, வழக்கின் ஆவணம்.

இம்மரபின் சுவடுகளைக் கேரளத்திலும் காணலாம். இடுக்கி மாவட்டக் குமுளியை அடுத்துத் தமிழக எல்லையில் அமைந்த மங்கலதேவி கோயிலைப் புலவர் சி. கோவிந்தராசனார் 1960களில் கண்ணகி கோட்டமென இனங்காட்டினார். சித்திரை முழுநிலா நாளில் மட்டுமே அங்கு வழிபாடு நிகழ்கிறது. பாலக்காட்டுப் பகுதிப் பகவதி கோயில்களில் வெளிச்சப்பாடு ஒரு கையில் வாளும் மறுகையில் சிலம்பும் ஏந்தி அருள்வாக்குக் கூறுகிறார். இலங்கையின் பத்தினி வழிபாட்டிலும் சிலம்பு கையில் ஏந்தப்படுகிறது. அதன் சிங்களப் பெயர் 'சலம்ப' அல்லது 'ஹலம்ப'.

சிலம்புதல் என்பதற்கு ஒலித்தல் என்பது பொருள். ஆகவே சிலம்பு என்னும் பெயர் ஒலியைச் சுட்டுமேயன்றி உறுப்பைச் சுட்டாது. 'காற்சிலம்பு' என அடைகொடுத்துக் கூறும் வழக்கும் இதனாலேயே பொருளுடையதாகிறது. கணுக்காலணி எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லோ அணியும் இடத்தை மட்டுமே காட்டுகிறது. அச்சொல்லை மட்டும் அறிந்தவர், படிமமொன்றின் கையிலுள்ள வளையத்தைப் பாசமென்றோ வளையலென்றோ மயங்கக்கூடும். மொழிபெயர்ப்பில் நேரும் இழப்பு நூலோடு நில்லாது. படிமத்தின் பெயரையும் மாற்றிவிட வல்லது.