வாசமில்லாத கிழங்கின் வரலாறு

விலை கூடிய சென்ற் போத்தல்களின் விளம்பரங்களில் 'ஐரிஸ்' என்ற பெயர் அடிக்கடி வரும். பக்கத்தில் ஒரு ஊதாப் பூவின் படமும் இருக்கும். ஆனால் அந்த வாசம் பூவில இருந்து வாறதில்லை. மண்ணுக்குள்ள கிடக்கிற வேர்த்தண்டுக்கிழங்கில இருந்துதான் வருது. பார்க்க இஞ்சி மாதிரி இருக்கும். கிண்டின கையோட மணந்து பார்த்தால் மண் மணம் மட்டும்தான் வரும்.

அது மணக்க வேண்டுமென்றால் கழுவி, தோல் சீவி, காயவைத்து, பிறகு வருசக்கணக்கில் சும்மா வைத்திருக்க வேண்டும். வாசனைத் திரவியங்களின் வரலாறு என்றால் ராணிகளையும் கம்பனிகளையும் பற்றித்தான் நாங்கள் கனக்க வாசிக்கிறோம். இந்தச் சீவல், காய்ச்சல் வேலைக்கும் ஒரு வரலாறு இருக்கு.

அது பழைய வரலாறு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் டியோஸ்கொரிடிஸ் மருந்துப் பொருள்கள் பற்றி எழுதிய நூலில் முதலாவதாக வருவதே ஐரிஸ்தான். கிழங்கை வெட்டி, நிழலில் காயவிட்டு, லினன் நூலில் கோத்து வைக்கச் சொல்கிறார். பழசானால் பூச்சி அரிக்கும், ஆனால் அப்போதுதான் வாசம் கூடும் என்றும் எழுதியிருக்கிறார். ஏன் கூடுகிறது என்பது அவருக்குத் தெரியாது. கூடும் என்பது மட்டும் கிழங்கோடு வேலை செய்த ஆக்களுக்குத் தெரிந்திருந்தது.

19ஆம் நூற்றாண்டில் இந்த வேலையின் மையம் இத்தாலியின் டஸ்கனி. புளோரன்ஸ் நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில், கல்லு நிறைஞ்ச காய்ந்த நிலங்களிலும் முந்திரிகைத் தோட்டங்களின் ஓரங்களிலும் 'ஐரிஸ் பல்லிடா' நட்டார்கள். இரண்டு, மூன்று வருசம் கழித்து, கோடையில் கிண்டினார்கள். இலையோடு இருக்கிற நுனித்துண்டை வெட்டி, அடுத்த நடுகைக்கு எடுத்து வைத்தார்கள். மிச்சக் கிழங்கைத் தண்ணீரில் போட்டு, வேரை அறுத்து, வளைந்த சின்னக் கத்தியால் ஒவ்வொன்றாகத் தோல் சீவினார்கள். தோலோடு காய்ந்தால் கிழங்கு கருத்துப்போகும், மண் மணமும் போகாது. சீவினதை வெயிலில் பரப்பிக் காயவிட்டார்கள். சீவுகிற வேலை பெரும்பாலும் பெண்களுடையது.

அந்த நிலம் அவர்களுடையது இல்லை. டஸ்கனியில் 'மெட்சத்ரியா' என்ற வாரக்குத்தகை முறை இருந்தது. விளைச்சலில் பாதி நிலச் சொந்தக்காரருக்குப் போகும். புதிதாக இப்படி ஒப்பந்தம் செய்வதைத் தடைசெய்யும் சட்டம் 1964இல்தான் வந்தது. காய்ந்த கிழங்கோ இன்னும் மூன்று வருசமாவது காத்திருந்தால்தான் நல்ல வாசம் தரும். கையில் காசில்லாத குடும்பம் அவ்வளவு காலம் எப்படிப் பொறுத்திருக்கும்? காத்திருக்கிறதுக்கும் முதல் வேணும்.

ஏன் இவ்வளவு காலம்? கிழங்கிலுள்ள 'இரிடால்' என்ற பொருள்கள் மெதுமெதுவாக ஒட்சியேற்றமடைந்து 'ஐரோன்'களாக மாறுகின்றன. வயலட் பூவை நினைவூட்டும் அந்த வாசம் ஐரோனுடையது. 1893இல் ஜேர்மன் இரசாயனவியலாளர்களான டீமனும் குரூகரும் ஐரோனைப் பிரித்தெடுத்தார்கள். உண்மையில் அவர்கள் தேடியது வயலட்டின் வாசத்தை. வயலட் எண்ணெய் கிடைப்பது கஷ்டம் என்பதால்தான் ஐரிஸ் கிழங்கை எடுத்தார்கள். ஐரோனின் மூலக்கூற்றில் ஒரு காபன் அணுவைக் குறைத்துக் கணக்கிட்டுவிட்டார்கள். அந்தப் பிழையான சூத்திரத்தை வைத்துச் செய்து பார்த்தபோது கிடைத்த பொருள்தான் 'அயனோன்'. அதுவும் வயலட் போலவே மணந்தது!

அயனோன் செய்ய வேண்டிய சிட்ரால் எலுமிச்சைப்புல் எண்ணெயில் தாராளமாக இருந்தது. அந்த எண்ணெய் கொச்சித் துறைமுகத்தால் ஐரோப்பாவுக்குப் போனது. வயலட் வாசம் மலிந்து, சாதாரண சவர்க்காரத்துக்குள்ளும் வந்துவிட்டது.

ஆனாலும் ஐரிஸ் கிழங்கின் வாசம் அப்படியே அயனோனில் வரவில்லை. அதனால் டஸ்கனியில் இன்றும் கொஞ்சப் பேர் இதைப் பயிரிடுகிறார்கள். ஒரு தொன் காய்ந்த கிழங்கை வடித்தால் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு கிலோ 'ஐரிஸ் வெண்ணெய்'தான். அதன் விலையைத் தங்கத்தோடு ஒப்பிட்டு எழுதாத விளம்பரம் குறைவு.

இரசாயனவியலாளர்களின் பெயர் எங்களுக்குத் தெரியும். 1533இல் பிரான்சுக்கு மருமகளாகப் போன புளோரன்ஸ் பெண் கத்தரீன் டி மெடிச்சியின் பெயர் எல்லா வாசனைக் கதைகளிலும் வருகிறது. முற்றத்தில் இருந்து கிழங்கு சீவின பெண்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை அந்தக் கதைகள் கேட்பதில்லை. அந்த இரண்டு கிலோவின் விலையைச் சொல்லும்போது, ஒரு தொன்னைச் சீவின கூலியையும் சேர்த்துச் சொல்லத்தானே வேணும்?