ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப் வண்டிகளின் பெட்ரோல் தொட்டிச் சர்ச்சை

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973 முதல் 1987 வரை செவர்லே, ஜிஎம்சி பெயர்களில் தயாரித்த பெரிய பிக்கப் வண்டிகளின் பெட்ரோல் தொட்டி குறித்து அமெரிக்காவில் எழுந்த சர்ச்சை இது. முந்தைய மாடல்களில் தொட்டி ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், அறைக்குள்ளேயே இருந்தது. அதை வெளியே எடுத்தது நல்ல முடிவுதான். ஆனால் சேசிஸ் சட்டத்துக்கு வெளிப்பக்கமாகப் பொருத்தினார்கள். இருபுறமும் தொட்டி வைத்தால் அதிக பெட்ரோல் கொள்ளும். பக்கவாட்டில் இன்னொரு வாகனம் மோதினாலோ, தொட்டியைக் காக்க மெல்லிய உடற்தகட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. மோதலில் பிழைத்தவர்களும் தீயில் இறந்தனர்.

1992 நவம்பரில் என்பிசி தொலைக்காட்சி ஒரு மோதல் சோதனையை ஒளிபரப்பியது. தீப்பற்றுவதற்காக வண்டியடியில் சிறு ராக்கெட் மோட்டார்கள் பொருத்தப்பட்டிருந்ததை நேயர்களிடம் மறைத்தது. நிறுவனம் வழக்குத் தொடுக்க, 1993 பிப்ரவரியில் என்பிசி மன்னிப்புக் கேட்டது. அதன்பின் பலரும் தொலைக்காட்சியின் ஏமாற்றைப் பற்றியே பேசினர். தொட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

1994 அக்டோபரில் போக்குவரத்துத் துறைச் செயலாளர் ஃபெடரிக்கோ பேனா, இது பாதுகாப்புக் குறைபாடு என்று முதற்கட்ட முடிவை அறிவித்தார். சுமார் 150 பேர் இறந்ததாகவும் கூறினார். வண்டிகள் அரசு விதிகளுக்கு உட்பட்டவையே என்றது நிறுவனம். டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது. பாதுகாப்புத் திட்டங்களுக்கு 5.1 கோடி டாலருக்கு மேல் தர நிறுவனம் இசைந்தது. வண்டிகளைத் திரும்பப் பெறவில்லை. 1988இல் வந்த புதிய வடிவமைப்பில் தொட்டி சட்டத்துக்கு உள்ளே போயிருந்தது. பழைய வண்டிகள் பழைய தொட்டியோடே ஓடின.