எங்க சாப்பிடலாம்? - ஒரு கார் பயணமும் கொஞ்சம் வரலாறும்

ரொம்ப நாளா ஆளைக் காணோமேன்னு ரெண்டு பேராவது தேடியிருப்பீங்கன்னு ஒரு நம்பிக்கை. ஆராய்ச்சி, ப்ரொபசர், கெடுன்னு பிடுங்க வேண்டிய ஆணி ஏகப்பட்டது. இந்த வசந்தகால விடுமுறையில எல்லா ஆணியையும் மூட்டை கட்டி வச்சுட்டு, நானும் தங்கமணியும் அட்லாண்டாவுல இருந்து நியூ ஆர்லியன்ஸ் வரைக்கும் கார்ல போயிட்டு வந்தோம். வழியில பர்மிங்ஹாம், மாண்ட்காமரி.

கிளம்புறதுக்கு முன்னாடியே தங்கமணி ஒரு நிபந்தனை போட்டாங்க. எல்லா ஊர்லயும் ஒரே பர்கர் விக்கிற கடைக்குள்ள கால் வைக்கக் கூடாது. அந்தந்த ஊர்க்காரங்க சாப்பிடுற இடமாத்தான் பார்த்து சாப்பிடணும். அம்மணி சைவம், நான் ஓடுறது பறக்குறது எல்லாம். அதனால ஒவ்வொரு ஊர்லயும் "எங்க சாப்பிடலாம்?"னு அரை மணி நேரம் பட்டிமன்றம். இதைவிட லேசான ஒரு கேள்வி உண்டான்னு நெனச்சுட்டிருந்தேன். திரும்பி வரும்போது அப்படி நெனக்க முடியலை. அந்தக் கதைதான் இது.

முதல் சாப்பாடு அட்லாண்டாவுலயே, பாஸ்கல்ஸ்ல. எனக்கு ஃப்ரைடு சிக்கன், தங்கமணிக்கு மக்காச்சோள ரொட்டியும் மாக்கரோனி சீஸும். ஜேம்ஸ், ராபர்ட்னு ரெண்டு அண்ணன் தம்பிங்க 1947-ல 30 பேர் உக்கார்ற அளவுக்கு ஆரம்பிச்ச கடை. (இப்ப வேற இடத்துல, பெரிய கட்டடத்துல இருக்கு.) ஆரம்பத்துல கடையில அடுப்பே கிடையாது. ராபர்ட் வீட்டுல சமைச்சு, சொந்தமா கார் இல்லாததால டாக்சியில சாப்பாட்டை ஏத்திக் கொண்டு வந்திருக்காங்க. கடை இருந்த ஹண்டர் தெருவுக்கு இன்னிக்கு மார்ட்டின் லூதர் கிங் பேரு. கிங் வழக்கமா வந்து உக்காந்து ஆலோசனை நடத்துன இடம் இது. 1960 அக்டோபர்ல அட்லாண்டாவோட பெரிய ஜவுளிக்கடையான ரிச்சஸ்ல இருந்த ரெஸ்டாரண்டுல சாப்பாடு கேட்டதுக்காக கிங்கும் காலேஜ் பசங்களும் கைதானாங்க. கடையில துணி வாங்கலாம், காசு கொடுக்கலாம், ஆனா அங்க உக்காந்து சாப்பிடக் கூடாது. இப்படிப் போராடி ஜெயிலுக்குப் போய் வந்த பசங்களுக்கு பாஸ்கல்ஸ்ல இலவசமா சாப்பாடு போட்டிருக்காங்க.

அடுத்து ஐ-20 நெடுஞ்சாலை, 150 மைல்ல பர்மிங்ஹாம். அலபாமா எல்லையைத் தாண்டி ஒரு ரெஸ்ட் ஏரியாவுல நிறுத்தினோம். உள்ளூர்க் கடைதான்னு சட்டம் போட்ட அதே அம்மணி, ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்துட்டு வந்திருந்தாங்க. கேட்டா, "இது அவசரத்துக்கு"ங்கிறாங்க. பக்கத்து பெஞ்சுல வயசான ஒரு கறுப்பினப் பெரியவர், எழுபதைத் தாண்டியிருக்கும். டப்பாவையே பார்த்துச் சிரிச்சுட்டு, "எங்கம்மாவும் இப்படித்தான் கட்டுவாங்க, ஷூ டப்பாவுல"ன்னாரு.

அவங்க குடும்பம் டெட்ராய்ட். ஒவ்வொரு கோடைக்கும் அப்பா காரை எடுத்துட்டு அலபாமாவுல இருக்கிற பாட்டி வீட்டுக்குக் கூட்டிட்டு வருவாராம். ஷூ வர்ற அட்டைப் பெட்டியில மெழுகுத்தாள் விரிச்சு வறுத்த கோழி, அவிச்ச முட்டை, கேக். வழியில எங்கயும் நிறுத்தாம கார்லயே சாப்பாடு. "பிக்னிக்னு நெனச்சு எனக்கு ஒரே குஷி. நம்மளை எந்தக் கடையிலயும் உள்ள விட மாட்டாங்கன்னு எங்கப்பா எங்க கிட்ட சொல்லவே இல்லை. பெரியவனான பிறகுதான் புரிஞ்சது" அப்படின்னாரு. தங்கமணி பேசாம ஒரு பேப்பர் தட்டுல புளிசாதம் வச்சு நீட்டினாங்க. காரத்துல கண்ணு கலங்கிருச்சு மனுஷனுக்கு. ஆனா தட்டைக் காலி பண்ணிட்டுத்தான் எழுந்தாரு.

அவங்கப்பா கார் சீட்டுக்கு அடியில ஒரு புத்தகம் வச்சிருப்பாராம். அதுதான் "கிரீன் புக்". நியூயார்க் ஹார்லெம்ல இருந்த விக்டர் ஹ்யூகோ கிரீன்ங்கிற தபால்காரர் 1936-ல ஆரம்பிச்சது. கறுப்பின மக்கள் தைரியமா நுழையக்கூடிய ஹோட்டல், ரெஸ்டாரண்ட், சலூன், கேரேஜ் எல்லாத்தோட விலாசமும் ஊர் வாரியா இருக்கும். தங்க ஹோட்டலே இல்லாத ஊர்னா, ராத்திரி இடம் கொடுக்கிற வீடுகளோட விலாசம். எஸ்ஸோ பெட்ரோல் பங்குகள்ல விப்பாங்க. இந்தப் புத்தகம் தேவைப்படாத ஒரு நாள் வரணும்னுதான் கிரீன் ஆசைப்பட்டாரு. அதைப் பார்க்காமலே 1960-ல போயிட்டாரு. கடைசிப் பதிப்பு 1966-67. நான் போன்ல நட்சத்திரம் எண்ணி கடை தேடுறேன். அவங்க உயிருக்குப் பயந்து கடை தேடியிருக்காங்க.

பர்மிங்ஹாம்ல நான் பார்க்க ஆசைப்பட்ட கடை இப்ப அங்க இல்லை. ஆலீஸ் பார்பிக்யூ. 1926-ல ஆரம்பிச்ச குடும்பக் கடை, 220 பேர் உக்காரலாம். வேலை பார்த்த 36 பேர்ல மூணுல ரெண்டு பங்கு கறுப்பினத்தவர். ஆனா கறுப்பின வாடிக்கையாளர் வந்தா பார்சல் மட்டும்தான், உள்ள உக்கார முடியாது. சமைச்சுப் பரிமாறலாம், உக்காந்து சாப்பிடக் கூடாது! 1964 ஜூலையில சிவில் உரிமைச் சட்டம் வந்து, ஓட்டல்கள்ல நிற பேதம் கூடாதுன்னதும் கடைக்காரர் கோர்ட்டுக்குப் போனாரு. "என் கடை, என் இஷ்டம். வாஷிங்டன்ல இருக்கிறவங்க இதுல எப்படித் தலையிடலாம்?"ங்கிறது அவர் வாதம். கீழ்க்கோர்ட் அவருக்கு சாதகமாத்தான் தீர்ப்பு சொல்லுச்சு.

இங்கதான் வேடிக்கை. இந்த நாட்டு அரசியல் சாசனப்படி, மாநிலம் விட்டு மாநிலம் நடக்கிற வணிகத்தை ஒழுங்குபடுத்துற அதிகாரம் காங்கிரசுக்கு உண்டு. இந்தச் சட்டமும் அதைப் பிடிச்சுத்தான் நின்னுச்சு. ஆலீஸ் கடையோ நெடுஞ்சாலையில இருந்து 11 பிளாக் தள்ளி இருந்துச்சு, வர்றவங்க பெரும்பாலும் உள்ளூர்க்காரங்க. அதனால வழக்கு எங்க போய் நின்னுச்சு தெரியுமா? கறி எங்க இருந்து வந்ததுங்கிறதுல! ஒரு வருஷத்துல வாங்கின சுமார் ஒன்றரை லட்சம் டாலர் சரக்குல 69,683 டாலருக்கான கறி வெளி மாநிலத்துல இருந்து வந்தது, அதாவது 46 சதவீதம். இதை வச்சு 1964 டிசம்பர் 14-ல உச்ச நீதிமன்றம் ஒருமனதா ஆலீஸுக்கு எதிரா தீர்ப்பு சொல்லிருச்சு. சாப்பிடாம யாரும் பயணம் போக முடியாது, கடைகள் கதவை மூடினா கறுப்பின மக்களோட பயணமே முடங்கும்ங்கிறதும் தீர்ப்புல இருக்கு. ரெஸ்ட் ஏரியா பெரியவரோட ஷூ டப்பாதான் உடனே ஞாபகம் வந்துச்சு.

மனுஷனுக்கு மனுஷன் மரியாதைங்கிற விஷயத்தை கறிக் கணக்குப் போட்டுத்தான் ஜெயிக்க வேண்டியிருந்ததுன்னு நெனச்சா ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கடுப்பு. தங்கமணி, "எந்தக் கணக்குலயோ கதவு திறந்துச்சுல்ல, விடுங்க"ன்னாங்க. அதுவும் சரிதான்.

அங்கிருந்து 90 மைல் தெற்கே மாண்ட்காமரி. ரோசா பார்க்ஸ் பஸ்ல எழுந்திருக்க மாட்டேன்னு சொன்ன ஊர். 1955 டிசம்பர்ல ஆரம்பிச்சு 381 நாள் பஸ் புறக்கணிப்பு. அத்தனை நாளும் ஜனங்களை வேலைக்குக் கொண்டு விட்ட கார்களுக்கு பெட்ரோல் காசு யார் கொடுத்தாங்க? அதுல ஒரு பங்கு ஜார்ஜியா கில்மோர்ங்கிற சமையல்கார அம்மாவோடது. அவங்களும் தோழிகளும் கேக், பை, சாண்ட்விச், கோழிச் சாப்பாடுன்னு செஞ்சு வித்து, வர்ற காசை போராட்டக் கூட்டத்துல கொண்டு போய்க் கொட்டுவாங்க. அந்தக் குழுவுக்கு வச்ச பேரு "எங்கிருந்தும் இல்லாத சங்கம்". காசு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா "எங்கிருந்தும் இல்லை"ன்னு சொல்லிக்கலாம்ல! கோர்ட்ல பஸ்காரங்களுக்கு எதிரா சாட்சி சொன்ன ஜார்ஜியாம்மாவுக்கு ஓட்டல் சமையல் வேலை போச்சு. கிங் கொஞ்சம் பணம் கொடுத்து, வீட்டுலயே சமைச்சுப் போடுங்கன்னாரு. கறுப்பு, வெள்ளைன்னு பார்க்காம எல்லாரும் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுத்தி உக்காந்தாங்க. 1990 மார்ச்ல, செல்மா பேரணியோட 25-ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கு சமைச்சுட்டிருந்தப்ப அவங்க இறந்துட்டாங்க. அவங்க செஞ்ச சாப்பாட்டைத்தான் துக்கத்துக்கு வந்தவங்களுக்குப் பரிமாறினாங்களாம். வீட்டு வாசல்ல இருக்கிற வரலாற்றுப் பலகை முன்னாடி ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா நின்னோம்.

அன்னிக்கு மதியம் அதே ஊர்ல ஒரு சின்னக் கடை. காராமணி, வெண்டைக்காய் வறுவல், கீரை. தங்கமணி கீரையைப் பார்த்து குஷியாகி ரெண்டு வாய் போட்டப்புறம்தான் அதுல பன்றிக்கறி போட்டு வேக வைப்பாங்கன்னு தெரிஞ்சுது. என் மேல விழுந்த பார்வை இருக்கே... அதைத் தனியா எழுதணும் :-)

கடைசியா நியூ ஆர்லியன்ஸ், டூக்கி சேஸ். 1941-ல ஆரம்பிச்ச ரெஸ்டாரண்ட். கறுப்பரும் வெள்ளையரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறது சட்ட விரோதமா இருந்த காலத்துல, மாடி அறையில ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து போராட்டத்துக்குத் திட்டம் போட்டிருக்காங்க. லியா சேஸ் அம்மா கம்போ கொடுத்து உபசரிச்சிருக்காங்க. கம்போங்கிறது கெட்டியான சூப், சோத்து மேல ஊத்திச் சாப்பிடுறது. அந்தப் பேரே ஆப்பிரிக்க மொழிகள்ல வெண்டைக்காயைக் குறிக்கிற சொல்லுன்னு சொல்றாங்க. 2005 கத்ரீனா வெள்ளத்துல கடை மூழ்கி, 2007-லதான் திரும்பத் திறந்தாங்க. ஒபாமா ஒரு தடவை அங்க வந்து ருசி பார்க்காமலே கம்போவுல மிளகாய் சாஸை ஊத்த, லியாம்மா அவரையே அதட்டிட்டாங்க. 2019-ல 96 வயசுல மறைஞ்சாங்க. நான் சாஸ் பாட்டில் பக்கமே கையைக் கொண்டு போகலை.

திரும்பி வர்ற வழியில தங்கமணி கார் ஓட்டினாங்க. நான் இந்தக் கதையெல்லாம் ஆவேசமா பேசிட்டு வந்தேன். திடீர்னு, "உங்க ஊர் டீக்கடையில எத்தனை டம்ளர்?"னு கேட்டாங்க. வாயடைச்சுப் போச்சு.

ரெண்டு. கண்ணாடி கிளாஸ் எங்களுக்கு. கூரை ஓரம் ஆணியில ஒரு அலுமினிய டம்ளர் தொங்கும். ஆறாங் கிளாஸ்ல என் பக்கத்துல உக்காந்தவனோட அப்பா அதைத் தானே எடுத்து, டீ வாங்கி, ரோட்டோரம் குத்த வச்சுக் குடிச்சுட்டு, தானே கழுவி மாட்டிட்டுப் போவாரு. நான் தாத்தா கூட பெஞ்சுல உக்காந்து வடை தின்னுட்டு இருப்பேன். என் கூட்டாளியும் சில நாள் அப்பா கூட வருவான். ஸ்கூல்ல ஒரே கடலை மிட்டாயைக் கடிச்சுப் பங்கு போடுற பய, அங்க என்னைப் பார்த்தா பார்க்காத மாதிரி திரும்பிக்குவான். ஏன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அமெரிக்காவுல சட்டம் வந்தது 1964-ல. நமக்கு தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-லயே வந்தாச்சு. ஓட்டல்ல, கடையில விடாம இருக்கிறது குற்றம்னு அதுல தெளிவா இருக்கு. 1957-ல திருவல்லிக்கேணியில "பிராமணாள்" போர்டை எடுக்கச் சொல்லி பெரியார் ஆட்கள் மறியல் பண்ணி ஜெயிலுக்குப் போயிருக்காங்க. அதுக்கெல்லாம் எத்தனையோ வருஷம் கழிச்சுப் பிறந்த என் கண்ணு முன்னாடி அந்த டம்ளர் தொங்கிட்டுதான் இருந்துச்சு. பாஸ்கல்ஸ்ல உக்காந்து உச் கொட்டின எனக்கு, சொந்த ஊர் ஆணி ஞாபகம் வர 500 மைலுக்கு மேல ஆயிருக்கு, அதுவும் அடுத்தவங்க கேட்ட பிறகு.

போன தடவை ஊருக்குப் போனப்ப அந்தக் கடையில எல்லாருக்கும் பேப்பர் கப். பிரச்சனை தீர்ந்துச்சா, கப்புக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சான்னு தெரியலை. கூட்டாளி இப்ப திருப்பூர்ல இருக்கான், அவன் அப்பா இன்னும் ஊர்லதான். டிசம்பர்ல போறப்ப அவங்க வீட்டுக்குப் போகணும். போய் என்ன பேசுறதுன்னு தெரியலை. ஒரு டீ போட்டுக் கொடுங்கப்பான்னு கேட்டுட்டு உக்கார வேண்டியதுதான்.

உங்க ஊர் டீக்கடையில எத்தனை டம்ளர் மக்களே? யோசிச்சுட்டுச் சொல்லுங்க.